என் குதிகாலும் என் நாத்தனாரும்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக் ஏதோ ஆண்டு மலர் போடுகிறதாம். வீட்டு மனிதர்கள் எழுதினால் உருக்கமாக இருக்குமாம். நாலு வரி என்ன, நாற்பது பக்கம் எழுதுவேன். நல்லதாக என்பதில்தான் சிக்கல். எழுத உட்கார்ந்துவிட்டேன். மலரில் போடுகிறார்களா, குப்பையில் போடுகிறார்களா என்பது அவர்கள் பாடு.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. என் கணவரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நேரமில்ல" என்பாள், பல் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் சொல்வதுபோல. வீட்டுக்குள் நுழைந்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்க வேண்டிய இடத்தில் "வலது பக்கமா சாயுறீங்க" என்பாள். விருந்தாளியாக வந்த என் பெரியம்மாவிடம், அவர் உட்காருவதற்கு முன்பே, "இந்த வயசுல இந்தச் செருப்பா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பெரியம்மா எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

எந்த வலிக்கும் ஐஸ் வைக்கச் சொல்வதால் அவளுக்கு ஐஸ்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன். அடுத்தவர் காலில் ஐஸ் வைப்பாளே தவிர, பேச்சில் வைக்க அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

எங்கள் பகைக்கு வயது பதினேழு. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது, என் மாமனார் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரி. ஊரையே ஏவிப் பழகியவர், யார் ஏவியும் எதையும் செய்தறியாதவர். நாத்தனார் அப்போது படித்து முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி வைத்திருந்தாள். மொத்தம் பதினோரு துண்டு.

நான் வந்த மூன்றாவது வாரம், மாமனார் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்ததைப் பார்த்து ஓடிப்போய்க் கை கொடுத்தேன். பட்டென்று என் கையில் ஓர் அடி விழுந்தது.

"தூக்காதீங்க அண்ணி! நீங்க தூக்கினா இவரு ஜென்மத்துக்கும் எந்திரிக்க மாட்டாரு."

பிறகு அவரைப் பார்த்து, "உங்களால முடியாதுப்பா. உக்காருங்க. நாளைக்கே சக்கர நாற்காலிக்குச் சொல்லிடறேன்" என்றாள். பெற்ற அப்பாவிடம் பேசும் பேச்சா இது? மாமனாரின் முகம் சிவந்துவிட்டது. கோணிய வாயால் அவளைத் திட்டிக்கொண்டே எழுந்து, நாலு அடி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சபாஷ் சொல்லக்கூடாதா? "நாலுதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதத்தில் மாமனார் வாசல் கேட் வரை தனியாகப் போய் வந்தார். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்குப் புது மருமகளின் கையில் விழுந்த அந்த அடிதான் நினைவில் நின்றது. அன்றிலிருந்து அவள் கிழக்கு என்றால் நான் மேற்கு. அவள் கெட்டியான மெத்தை வாங்கச் சொன்னாள், நான் மெத்துமெத்தென்று ஒன்றை வாங்கினேன். ஒரு வருடம் இடுப்பு வலியோடு தூங்கினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள் நான். பிரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. டாக்டர் சீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் தலைகீழாகக் கிடந்தாலும் இந்தப் பக்கம் நின்றே படித்துவிடுவேன். இருபது வருடப் பழக்கம் அது.

சின்ன வயதில் நன்றாக நீந்துவேன். சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போன வருடம் எங்கள் ஊர் ஏரியில் ட்ரையத்லான் நடத்துகிறார்கள் என்று நாத்தனார் வந்து சொன்னாள். எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். அவள் சேர்ந்துவிட்டாளாம். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிக்கொண்டே, "அண்ணிக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்றாள். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் நானும் பெயர் கொடுத்தேன்.

நீச்சலிலும் சைக்கிளிலும் அவளுக்கு முன்னால் போனேன். ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடி முடித்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்ட முகத்தோடு, ஐஸ் பையை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். அவள் என் காலில் ஐஸ் வைக்க, நான் அழுத மூஞ்சியோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை என் கணவர் போட்டோ எடுத்துக் குடும்பத்தார் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். பெரியம்மா மட்டும்தான் எனக்காக வருத்தப்பட்டார். இந்த வருடம் என் இரண்டு காலால் கோட்டைத் தாண்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஓட்டம் மட்டும் சரியானால் அவளையும் முந்திவிடலாம். அது அவளுக்கும் தெரியும்.

போட்டிக்குப் பதினான்கு வாரம் இருந்தபோது குதிகால் ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு மேலே சுரீரென்று ஒரு வலி. பத்து அடி நடந்தால் குறைந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடி சுரீர். கிளினிக்குக்குப் போகக் கூடாதென்று ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் கணவர்தான் அவளிடம் போட்டுக் கொடுத்தார்.

கிளினிக் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், எங்கும் போகாத மூன்று மரப்படிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை. அவள் என் குதிகாலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். உயிர் போய்விட்டது.

"நரம்பு பிசகிருக்கா?" என்றேன்.

"நரம்பு இல்ல அண்ணி, தசைநாண். கெண்டைக்கால் சதையையும் குதிகாலையும் கட்டுற கயிறு. நாலு வாரம் ஓடாதீங்க. நீந்தலாம், சைக்கிள் மெதுவா ஓட்டலாம். தினமும் மூணு வேளை படி விளிம்புல நின்னு, ரெண்டு காலால ஏறி, வலிக்கிற காலால மட்டும் மெதுவா இறங்குங்க. ஒரு வேளைக்குப் பதினஞ்சு தடவை."

"நாலு வாரமா? போட்டி என்ன ஆகும்?"

"ஓய்வும் பயிற்சிதான். உடம்பு தூங்கும்போதுதான் தேறும். இத அலட்சியம் பண்ணி அந்து போச்சுன்னா ஆபரேஷன். ஆறு மாசம் நிக்க முடியாது."

ஆறு மாதம் நிற்க முடியாது என்றால் என் வேலை போய்விடும். கடை முதலாளி ஏற்கெனவே நான் நொண்டுவதைப் பார்த்து, "நிக்க முடியலன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள் பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் சொன்னது யார்? ஐஸ்காரி. நான் நாலு வாரம் படுத்துக் கிடந்தால் யாருக்கு லாபம்? வேலைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் தினமும் ஓடினேன். படி விளிம்பின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மூன்றாவது வாரம் மாடிப்படியில் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைபோல ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். கடைசிப் படியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். அவள் என் காலைப் பார்க்கவில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் ஷூவைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஏரிக்கரை ஈர மண்ணைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். இப்போது கத்தப்போகிறாள் என்று நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

அவள் கத்தவில்லை. ஷூவை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான்தான் தேவையில்லாம பயமுறுத்திட்டேன் அண்ணி. இது ஒண்ணுமே இல்ல. நாளையிலேருந்து தினமும் ஓடுங்க. வலியோட ஓடினாத்தான் வலி போகும். அந்தப் படி ஏறி இறங்குற கூத்தெல்லாம் வேணாம், அது வயசானவங்களுக்கு."

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். மூன்று வாரம் முன்பு அந்து போகும் என்றவள் இன்று ஓடு என்கிறாள். மாடிப்படியில் இறங்க முடியாதவளை ஓடச் சொல்கிறாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போட்டிக்கு முன்பே என் காலை ஒடித்து மூலையில் உட்கார வைக்கத் திட்டம் போட்டிருக்கிறாள்! கடையில் வேலை போய் நான் வீட்டில் கிடந்தால் பார்த்துச் சிரிப்பாள். கணவரிடம் சொன்னேன். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவர் அவர், எதையும் இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா என்று யோசித்துத்தான் போடுவார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஒடிக்கப் பார்க்கிறாயா, பார்த்துவிடலாம் என்று அன்றோடு ஓட்டத்தை நிறுத்தினேன். நீச்சல் குளத்தில் கால்களுக்கு நடுவே மிதவையை இடுக்கிக்கொண்டு, கையால் மட்டும் நீந்தினேன். சைக்கிளை லேசான கியரில் மிதித்தேன். காலை, கடையில் சாப்பாட்டு இடைவேளை, மாலை என்று மூன்று வேளையும் படி விளிம்பில் நின்று பதினைந்து பதினைந்தாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவளை ஒரு வார்த்தை திட்டினேன். அதனால் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துத் தூங்கினேன், அவள் "தூக்கத்தைக் குறைச்சுப் பயிற்சியக் கூட்டுங்க" என்று சொல்லியிருந்ததால்.

ஞாயிறு தோறும் வருவாள். "ஓடுறீங்களா?" என்பாள். "ஓ, தினமும்" என்பேன். தலையை ஆட்டிவிட்டு என் கெண்டைக்காலை ஒரு தரம் பார்ப்பாள். ஐந்து வாரத்தில் காலையின் முதல் அடியில் சுரீர் போய், ஒரு சின்ன இறுக்கம் மட்டும் மிஞ்சியது. அவள் திட்டம் பலிக்கவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தபோது, "ஓட்டமும் நடையுமா மாத்தி மாத்திப் போறதெல்லாம் சின்னப் பசங்க வேலை" என்றாள். "ஓடினா நிக்காம ஒரு மணி நேரம் ஓடணும் அண்ணி. இல்லாட்டி ஓடவே கூடாது." எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் அடுத்த பொறி. மறுநாளே இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும். கால் எனக்குக் கட்டுப்பட்டது. ஐம்பதை நெருங்கும் நேரத்தில் இவ்வளவு புத்தியோடு ஒரு காரியத்தை நடத்துகிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால், கடைசியாக ஒரு தரம் காலைக் காட்ட கிளினிக்குக்குப் போனேன். நாத்தனார் இல்லை, போட்டி எண் வாங்கப் போயிருந்தாள். அவளுக்கு உதவியாக இருக்கும் பெண்மணி என் மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஐஸ் எடுக்க உள்ளே போனார். அட்டை எனக்குத் தலைகீழாகக் கிடந்தது. அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த அட்டைகளில் இரண்டு பத்தி இருக்கும். ஒன்றில் 'சொன்னது', இன்னொன்றில் 'செய்தது'. வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபடி செய்வதில்லை என்பதால் அங்கே அப்படி ஒரு வழக்கம். என் அட்டையில் இப்படி இருந்தது.

சொன்னது: நான்கு வாரம் ஓடக் கூடாது. செய்தது: ஓடினார். நிலைமை மோசம்.

சொன்னது: தினமும் ஓடவும், படிப் பயிற்சி வேண்டாம். செய்தது: ஓடவில்லை, படிப் பயிற்சி மூன்று வேளையும். நல்ல முன்னேற்றம்.

சொன்னது: நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடவும். செய்தது: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மிகச் சரியான அளவு.

அட்டையின் மேல் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. இதய நோய், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை என்று எச்சரிக்கை எழுதும் இடம். என் கட்டத்தில் அவள் கையெழுத்தில், 'எதிர்மாறாகச் சொல்லவும். நேராகச் சொன்னால் ஆபத்து' என்று இருந்தது.

ஐஸோடு வந்த பெண்மணி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அவங்க அப்பாவ இப்படித்தான் நடக்க வச்சாங்களாம்."

பதினோரு பிளாஸ்திரித் துண்டுகளும் என் கண் முன்னால் வந்தன. முடியாது, உட்காருங்கள் என்று அவள் சொன்னதும், மாமனார் திட்டிக்கொண்டே எழுந்ததும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்தும், பதினேழு வருடமாக அதைக் கொடுமை என்று மட்டுமே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். எனக்கு அவமானமாக இருந்தது. நான் புத்தி என்று மெச்சிக்கொண்டதெல்லாம் அவள் முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு. வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக் கேட்டேன். நான் எத்தனை நிமிடம் ஓடினேன், எத்தனை தடவை படி ஏறினேன் என்று ஒவ்வொரு நாளும் தங்கைக்குச் சொன்னது அவர்தானாம். "அவதான் கேட்டா" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

போட்டியன்று காலை ஏரிக்கரையில் நாத்தனார் என்னிடம் வந்தாள். கையில் எண் எழுதி, நீச்சல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னைக்கு ஓட்டத்துல முழு வேகம் போங்க அண்ணி. நடக்கவே நடக்காதீங்க."

அட்டையின்படி, மெதுவாகப் போய் இடையிடையே நட என்று அர்த்தம். அப்படிச் செய்தால் அவள் நினைத்தபடி செய்ததாகும். அவள் நினைத்தபடி செய்யக் கூடாதென்றால் வேகமாக ஓட வேண்டும். அதுதான் அவள் வாயால் சொன்னது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நின்றாள். தண்ணீரில் குதிக்கும்வரை எனக்கு வழி தெரியவில்லை. நீந்தும்போது முடிவு செய்தேன். மாமனாரைப் போல அவள் ஆட்டி வைக்கிறபடி நான் ஆட மாட்டேன், முழு வேகத்தில் ஓடுவேன், கால் போனால் போகட்டும், அவள் கணக்கு ஒரு தடவையாவது தப்பட்டும். காரணமே இல்லாத கோபம்தான். ஆனால் அன்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

நீச்சலிலும் சைக்கிளிலும் சேர்த்து அவளை ஆறு நிமிடம் முந்தியிருந்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். ஒரு நிமிட நடை என்பதையே மறந்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் சூடாயிற்று. மூன்றாவதில், போன வருடம் நான் உட்கார்ந்த அதே நடைபாதையைத் தாண்டும்போது, குதிகாலில் கத்தியால் கீறியதுபோல இருந்தது. நொண்டிக்கொண்டே ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் வந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போலக் காலைத்தான் பார்த்தாள். "இழுக்குறீங்க" என்றாள்.

"உன் அட்டையப் பாத்துட்டேன்."

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். எங்கள் இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நெஜமாவே நீ சொன்னபடி ஓடிருந்தா என்னடி ஆயிருக்கும்?" என்று கத்தினேன். "கால் போயிருக்குமே! வேலை போயிருக்குமே! எந்தத் தைரியத்துல சொன்ன?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினேழு வருடத்தில் என் முகத்தை அவள் சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"நான் சொன்னத ஒரு தடவையாவது செஞ்சிருக்கீங்களா அண்ணி? ஒரே ஒரு தடவை?"

இடுப்பு வலியோடு தூங்கிய அந்த மெத்தைதான் ஞாபகம் வந்தது. ஒருத்தி கடந்து போனாள். அவள் கையில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த எண். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. நாத்தனார் அவர்களைப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன். கேட்கவே வாய் கூசியது. "நேரா சொல்லு. தலைகீழா சொல்லாத."

"நடங்க" என்றாள். "மீதி ரெண்டு கிலோமீட்டரும் நடங்க. ஓடினா இன்னைக்கு அந்துரும். இது நேராத்தான் சொல்றேன்."

"நம்பலாமா?"

"அது உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு ஓடிப்போனாள். நான் நடந்தேன். எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் முந்திப் போனார்கள். வயிறு பெருத்த ஒரு தாத்தா, "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரையும் திட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் ஓடத்தான் தோன்றியது, அவள் நட என்று சொன்ன ஒரே காரணத்துக்காக. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். லென்ஸ் தேய்க்கிற இருபது வருடத்தில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

கோட்டைத் தாண்டியபோது கைதட்ட மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் என் கணவர். நாத்தனார் ஐஸ் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சுவரில் ஒட்டியிருந்த முடிவுகளை நான்தான் போய்ப் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்களில் அவள் நான்காவது. மூன்றாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு விநாடி. என் முன்னால் அவள் நின்றது ஒரு நிமிடத்துக்குக் குறையாது. அளவு பார்ப்பது என் தொழில், இதில் நான் தப்ப மாட்டேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஐஸைக் குதிகாலில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கண் விழித்துக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பயந்துகொண்டிருந்தேன். பிறகு முதல் அடியை வைத்தேன். இரண்டாவது அடி. ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். சுரீர் இல்லை, இறுக்கம்கூட இல்லை. எனக்கு எரிச்சலாகவும் அழுகையாகவும் ஒரே நேரத்தில் வந்தது.

போன் அடித்தது. அவள்தான். வணக்கம், நலம் விசாரிப்பு, ஒன்றும் கிடையாது.

"முதல் அடி எப்படி?"

"வலி உயிர் போகுது" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.